வீட்டுக் கணக்கையும் சேர்த்தே முடித்துவிடு

கொடும்பாளூர்

அன்பு மகளுக்குச் சித்தப்பா எழுதுவது.

சம்மத விவாகரத்து மனுவில் இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றும், விராலிமலை வீட்டை மட்டும் இப்போதைக்கு அப்படியே கிடக்கட்டும் என்று விட்டிருக்கிறாய் என்றும் அண்ணி சொன்னார்கள். பிரிவது நீங்கள் இருவரும் யோசித்து எடுத்த முடிவு. அதில் நான் தலையிடவில்லை. வீட்டை அப்படியே விடுவதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. காரணங்களை வரிசையாக எழுதுகிறேன். ஆற அமரப் படி.

விவாகரத்து ஆனால் சொத்தும் தானாகப் பாதிப் பாதியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, கல்யாணத்தை ஒட்டி இருவருக்கும் பொதுவாக வந்த பொருள்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. பிறகு வாங்கிய வீட்டின் உரிமையைக் கிரயப் பத்திரம்தான் சொல்லும். உன் பத்திரத்தின் நகலை எடுத்துப் பார். கிரயம் பெறுபவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர் இருக்கும். கடைசியில் சொத்து விவரமும் நான்குமாலும் இருக்கும். யாருக்கு எத்தனை பங்கு என்ற வரி பெரும்பாலும் இருக்காது. அந்த இடத்தில் 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 45ஆம் பிரிவு வருகிறது. தனித்தனியாகப் பணம் போட்டு வாங்கியிருந்தால், போட்ட பணத்தின் அளவுக்குப் பங்கு. யார் எவ்வளவு போட்டார்கள் என்று காட்ட ஆதாரம் இல்லாவிட்டால் சமபங்கு என்றே கொள்ள வேண்டும் என்கிறது அது. ஆகவே தீர்ப்பு வந்த மறுநாளும் நீங்கள் இருவரும் அந்த வீட்டின் கூட்டு உரிமையாளர்கள்தான். உறவு முடிந்திருக்கும், பத்திரம் முடிந்திருக்காது.

அப்படி விட்டால் என்ன ஆகும் என்று பார். வீட்டுக் கடனில் இருவர் கையெழுத்தும் இருக்கிறது. விவாகரத்து வழக்கில் வங்கி ஒரு தரப்பு அல்ல. அந்தத் தீர்ப்பு அதைக் கட்டுப்படுத்தாது. உன் கணவர் தவணை கட்டாமல் நின்றால், வங்கி முழுப் பாக்கியையும் உன்னிடம் கேட்கலாம். அடுத்தது, அவர் தன் பிரிபடாத பாகத்தை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். முன்பின் தெரியாத ஒருவர் உனக்குப் பங்காளியாக வந்து பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். மூன்றாவது, நாளை அவர் மறுமணம் செய்து, உயில் எழுதாமல் காலமானால், அவர் பங்கு அவருடைய தாய், மனைவி, பிள்ளைகள் எல்லோருக்கும் போகும். இன்று ஒருவரோடு பேசி முடிக்க வேண்டியதை அன்று நாலைந்து பேரோடு பேச வேண்டிவரும். அவர் நல்லவரா கெட்டவரா என்பதற்கு இதில் இடமே இல்லை. நல்ல மனிதருக்கும் வேலை போகும், நோய் வரும்.

குழந்தைக்காகத்தான் பொதுவில் வைத்திருக்கிறேன் என்பாய். பொதுவில் வைத்தால் அது குழந்தைக்குச் சேர்ந்துவிடாது. பெற்றோர் இருவரும் உள்ளவரை அந்த வீட்டில் குழந்தைக்குப் பங்கு கிடையாது. இப்போதே குழந்தை பெயரில் எழுதிவிடலாமே என்றால், வங்கிக் கடன் தீராமல் அது நடக்காது. நடந்தாலும், மைனரின் அசையாச் சொத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது என்கிறது 1956ஆம் ஆண்டுச் சட்டம். படிப்புக்கோ மருத்துவத்துக்கோ அவசரமாகப் பணம் வேண்டிய நாளில் வீடு பூட்டிய பெட்டியாக நிற்கும். உன் பங்கு உன் கையில் தெளிவாக இருந்தால், குழந்தைக்கு எப்போது எப்படிச் செய்வது என்பதை நீ தீர்மானிக்கலாம்.

எனக்கு அவர் காசு எதுவும் வேண்டாம், தவணை கட்டியது அவர்தானே என்று நீ சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். அது உன் ரோஷம், மதிக்கிறேன். ஆனால் கணக்கு அப்படி இல்லை. முன்பணத்துக்கு விற்ற நகை உன்னுடையது. பெண்ணுக்குப் போட்ட நகையும் சீரும் அவளுக்கே முழு உரிமையான சீதனம் என்று உச்ச நீதிமன்றம் 1985ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. வேலையை விட்டு நீ வீட்டைப் பார்த்துக்கொண்டாய், அவர் நிம்மதியாகச் சம்பாதித்தார். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, கணவரின் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்திலும் குடும்பத்தை நடத்திய மனைவிக்குச் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். அது ஒரு வழக்கின் தீர்ப்புதான், எல்லோருக்கும் அப்படியே பொருந்தும் சட்டமாகிவிடவில்லை. ஆனால் உன் நிலை அதைவிட உறுதியானது; உன் பெயர் பத்திரத்திலேயே இருக்கிறது. பெண் சொத்துப் பேசுவது நம் ஊர்ப் பக்கம் அழகில்லை என்பவர்களுக்கு நம் ஊர் மூவர் கோயில் கல்வெட்டே பதில் சொல்லும். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே பூதி விக்கிரமகேசரி தன் பெயரில் ஒரு விமானமும், தேவியர் கற்றளி, வரகுணை பெயர்களில் தனித்தனி விமானமும் எடுத்ததை அது பதிந்து வைத்திருக்கிறது. உனக்குள்ளதை உன் பெயரில் கேட்பது பேராசை ஆகாது.

பேச்செடுத்தால் சண்டை வரும், சம்மதமே கெட்டுப்போகும் என்ற பயமும் உனக்கு இருக்கும். தள்ளிப்போட்டால் சண்டை போய்விடாது, பெரிதாகத்தான் ஆகும். இப்போது இருவருக்கும் சீக்கிரம் முடிய வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. பேரம் படிய இதைவிட நல்ல காலம் வராது. இன்னொன்று, குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வைச் சலுகை உண்டு. தீர்ப்புக்குப் பிறகு கணவன் மனைவி என்ற உறவே சட்டப்படி இருக்காது. அதனால் முதல் மனுவுக்கும் இறுதி விசாரணைக்கும் நடுவில் இருக்கும் மாதங்களிலேயே இதை முடி. அவர் வீட்டை வைத்துக்கொள்வதானால், உன் பங்குக்குரிய தொகையை டி.டி.யாக வாங்கிக்கொண்டு, பத்திரப்பதிவு அலுவலகத்திலேயே விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடு. பிறகு அவர் மனம் மாறி விவாகரத்து தாமதமானாலும் உனக்கு நஷ்டம் இல்லை. விடுதலைப் பத்திரம் எழுதுவதற்கு முன் கடனிலிருந்து உன் பெயரை நீக்கியதற்கு வங்கியிடம் எழுத்தில் வாங்கிவிடு. வாய்ச்சொல்லோ, வெறும் முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தமோ போதாது. பதிவில்லாமல் நிலமும் வீடும் கைமாறாது. மனுவில் சொத்தைப் பற்றி ஒரு வரி சேர்த்தால் போதும் என்று யாராவது சொன்னாலும் அதை மட்டும் நம்பி நிற்காதே, பத்திரமாகப் பதிந்துகொள்.

அவர் எதற்கும் ஒத்துவராவிட்டாலும் வழி இருக்கிறது. கணவன் மனைவி சொத்துத் தகராறைக் குடும்ப நல நீதிமன்றமே விசாரிக்கலாம். ஒரு வீட்டைச் சுவர் வைத்துப் பிரிப்பது சரிப்படாது என்றால், பாதிப் பங்கு உள்ளவர் கேட்டதன் பேரில் அதை விற்றுப் பணத்தைப் பிரிக்க 1893ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டம் இடம் தருகிறது. மற்றவர் விரும்பினால் நீதிமன்றம் குறிக்கும் விலைக்கு அந்தப் பங்கை வாங்கிக்கொள்ளலாம். வக்கீல் செலவை நினைத்துத் தயங்காதே. வருமானம் எதுவானாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் போதும்.

அடுத்த வாய்தாவுக்கு முன் மூன்று காகிதங்களை வாங்கி வை: வில்லங்கச் சான்று, வங்கியின் கடன் பாக்கிக் கணக்கு, நகை விற்ற ரசீது. அவற்றை வைத்துக்கொண்டு அவரோடு நேரில், கோபமில்லாமல் பேசு. வேண்டுமானால் நானும் உடன் வருகிறேன். குறைத்தும் கேட்காதே, கூட்டியும் கேட்காதே. நாளைக்குக் குழந்தையைப் பற்றி நீங்கள் இருவரும் எத்தனையோ பேச வேண்டியிருக்கும். நடுவில் பணப் பாக்கி இல்லாவிட்டால்தான் அந்தப் பேச்சு நல்லபடியாக நடக்கும்.

அன்புடன்,
சித்தப்பா