பீரோவில் ஒரு தட்டு மட்டும் இறக்கு, கண்ணு

பென்னாகரத்தில் இருக்கும் என் தங்கச்சி வீட்டுக்குப் போன மாதம் போயிருந்தேன். பீரோவைத் திறந்தாள்; மேல்தட்டிலிருந்த துணியெல்லாம் சரிந்து தரையில் விழுந்தது. "எத்தனை தடவை மடிச்சு வச்சாலும் ரெண்டு நாள்தான்க்கா" என்று கண்கலங்கினாள். அவளுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். இதைப் படிக்கிற நீயும் எனக்குத் தங்கச்சிதான்.

உன்மேல் குற்றமில்லை கண்ணு. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் கட்டும் வீடு 360 சதுர அடி. நம் பக்கத்து வீடுகள் பலவும் ஏறக்குறைய அந்த அளவுதான். அதற்குள் கல்யாணச் சீராக வந்த அண்டாவும் குண்டானும் இருக்கின்றன. 1983-இல் தொடங்கிய திட்டத்தில் பொங்கலுக்குப் பொங்கல் வரும் வேட்டி சேலை, 2006-க்குப் பிறகு வந்த கலர் டிவி, 2011-க்குப் பிறகு வந்த மிக்சி, கிரைண்டர், ஃபேன், பெங்களூருக்கு வேலைக்குப் போன கொழுந்தன் விட்டுப்போன பை, இவையும் அங்கேதான். பொருள் வந்துகொண்டே இருந்தது, சுவர் நகரவில்லை.

ஒரே நாளில் வீட்டையே புரட்டிப் போடாதே. மதியத்துக்குள் களைத்துப்போய், எடுத்ததையெல்லாம் அப்படியே திணித்துவிடுவாய். ஒரு தட்டை மட்டும் பாயில் கொட்டு. "தேவைப்படுமா?" என்று கேட்டால் எல்லாமே தேவைப்படும் என்றுதான் மனசு சொல்லும். "போன ஆடிப்பெருக்கிலிருந்து இன்றைக்குள் யாராவது இதைக் கட்டினோமா?" என்று கேள். பதில் உடனே வரும்.

நாற்காலியிலும் கட்டில் காலிலும் துணி குவிவதற்குக் காரணம் சோம்பல் இல்லை. ஒருமுறை போட்ட துணிக்கு வீட்டில் இடமே கிடையாது. சந்தைக்குக் கட்டிப்போன சேலை அழுக்கும் இல்லை, புதுசும் இல்லை. பீரோவில் வைக்க மனசு வராது, துவைக்கவும் தோன்றாது. கதவுக்குப் பின்னால் ஆளுக்கு இரண்டு ஆணி அடித்துவிடு. ஆணி நிறைந்தால் துவைக்கும் நாள் வந்துவிட்டது என்று அர்த்தம். என் வீட்டில் பாதிக் குப்பை குறைந்தது இதனால்தான். தரையில் மட்டும் துணியைக் குவிக்காதே. நம் வறண்ட பூமியில் தேள் ஒதுங்க அது போதும். கீழே கிடந்ததை எடுத்தால் உதறிவிட்டுத்தான் எடு.

சேலையோடு அதன் ஜாக்கெட்டையும் பாவாடையையும் சேர்த்தே மடித்து வை. பிள்ளைகளின் யூனிஃபார்மை அவர்கள் கைக்கு எட்டும் தட்டில் வை. பட்டுச்சேலையைப் பிளாஸ்டிக் கவரில் வைக்காமல் பழைய பருத்தி வேட்டியில் சுற்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்று, இல்லையென்றால் மடித்த இடத்திலேயே இற்றுப்போகும். அந்துருண்டை ஜரிகையில் படக்கூடாது. நிழலில் உலர்த்திய வேப்பிலையைத் துணியில் முடிந்து வைத்தாலே போதும்.

பட்டா, ரேஷன் அட்டை, சாதிச் சான்று, மார்க் ஷீட் எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கட்டும். பெட்டி இருக்கும் இடம் வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

பரண்தான் கஷ்டம். அங்கே இருப்பது உன் மாமியாரின் பாத்திரம். அவர் இல்லாத நேரம் பார்த்து எடைக்குப் போடும் வேலை வேண்டவே வேண்டாம். என் மாமியாரின் பித்தளைத் தவலையை நான் அப்படிப் போட்டுவிட்டேன். அது அவருடைய அம்மா கொடுத்தது என்று பிறகுதான் தெரிந்தது. அவர் திட்டவில்லை, இரண்டு நாள் சாப்பிடவில்லை. இன்றும் அது என் மனசில் உறுத்துகிறது. ஒவ்வொன்றாக இறக்கி, அவர் கையில் கொடுத்துக் கேள். எதை வைப்பது, எதைப் பாத்திரக் கடையில் மாற்றுவது என்று அவரே சொல்லட்டும். வைத்தே ஆக வேண்டிய அண்டாவுக்குள் கம்பளி, போர்வைகளைப் போட்டு மூடிவிடு. எலி புகாது, தட்டிலும் இடம் மிச்சம். பித்தளையில் புளியை மட்டும் வைக்காதே. அதற்கு மண்பானையோ ஜாடியோதான் சரி.

கழித்ததைப் போகிக்கென்று சேர்த்து வைக்காதே. நைலக்ஸ் சேலையும் பிளாஸ்டிக்கும் எரிந்தால் வரும் புகை பிள்ளைகளின் நெஞ்சுக்குக் கேடு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு போகிக்கும் எரிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறது. நூல் சேலையைத் தொட்டில் கட்டலாம், கிழிந்தால் கரித்துணி ஆக்கலாம். பழைய குண்டு டிவியை உடைக்காதே, அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. மின்கழிவு வாங்குபவரிடம் முழுசாகவே கொடு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாடு முடிந்ததும் ஒரு பாயை விரி. மாமியாரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, ஒரே ஒரு தட்டை இறக்கு கண்ணு.