பறப்பதற்கு முன் பேட்டரியைப் படிப்போம்



"அண்ணா, எஃப்பிவி ட்ரோனை நானே செய்யலாமா?" என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். ட்ரோனின் கேமரா காண்பதை, கண்ணாடி மாட்டிக்கொண்டு நாமும் கண்டபடி பறக்கவிடுவதுதான் எஃப்பிவி. ஆனால் பறக்கப் பழகுவதற்கு முன்னால் பேட்டரியை வைத்துக்கொள்ளப் பழக வேண்டும். இந்தப் பாடம் அதைப் பற்றித்தான்.

1. கட்டுவது

ஒரு சட்டம், நான்கு மோட்டார், வேகக் கட்டுப்பாட்டுப் பலகை, பறப்புக் கட்டுப்பாட்டுப் பலகை, கேமரா, படம் அனுப்பும் கருவி, ரிசீவர். அவ்வளவுதான். சால்டரிங் கம்பி, மல்டிமீட்டர் போன்றவற்றைத் தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள சிம் லிம் டவரில் பார்த்து வாங்கலாம்.

இரண்டு விஷயம் மறக்காதீங்க. கார்பன் சட்டம் மின்சாரத்தைக் கடத்தும். வெற்றுக் கம்பி அதில் படக்கூடாது. மேசையில் வைத்துச் சோதிக்கும்போது இறக்கைகளைக் கழற்றிவிட வேண்டும். ஐந்து அங்குல இறக்கை முழு வேகத்தில் நிமிடத்துக்கு 20,000 தடவைக்கு மேல் சுற்றும். விரல் தாங்காது.

2. பேட்டரி ஏன் ஆபத்து?

4 செல், 1500 எம்ஏஎச் லிபோ பேட்டரியில் சுமார் 22 வாட்-மணி சக்தி இருக்கிறது. கைப்பேசியில் இருப்பது ஏறக்குறைய 15. பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். ஆனால் கைப்பேசி அதை ஒரு நாள் முழுக்கச் செலவழிக்கிறது; ட்ரோன் நான்கைந்து நிமிடத்தில் கொட்டித் தீர்க்கிறது. அவ்வளவு வேகமாகக் கொடுக்கக்கூடிய பேட்டரி, அடிபட்டாலோ ஷார்ட் ஆனாலோ அதே வேகத்தில் சூடாகும். அதைச் சுற்றிக் கெட்டியான உலோகக் கூடும் கிடையாது, மெல்லிய உறைதான்.

2021 ஜூனில் உட்லண்ட்சில், மின்தூக்கிக்குள் மின்சைக்கிள் தீப்பற்றியதில் 20 வயது இளைஞர் ஒருவர் இறந்துபோனார். அது ட்ரோன் பேட்டரி இல்லைதான். ஆனாலும் அதே லித்தியம் குடும்பம். தப்பிக்க வழியில்லாத இடத்தில் தீ பிடித்தால் என்ன ஆகும் என்பதை நாம் மறக்கக்கூடாது. நம்மில் பலர் வீவக வீட்டில் இருப்பவர்கள். வெளியே போக ஒரே வாசல், சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம்.

ஆகவே, வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை:

• ஒரு செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். அதைத் தாண்டக்கூடாது. பறந்து முடித்து ஓய்ந்தபின் 3.5-க்குக் கீழே இறங்கியிருக்கக் கூடாது.

• லிபோவுக்கென்று உள்ள பேலன்ஸ் சார்ஜர் மட்டும். 1500 எம்ஏஎச் என்றால் 1.5 ஆம்பியரில் ஏற்றினால் போதும். அவசரம் வேண்டாம்.

• பறந்து இறங்கிய பேட்டரி ஆறிய பிறகே சார்ஜ். தரை ஓட்டின் மேல் வைத்து ஏற்றுங்கள். சோபா, மெத்தை, வாசலோரச் செருப்பு அலமாரி இதெல்லாம் கூடவே கூடாது.

• விளக்கேற்றி வைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போகாதே என்று பாட்டி சொல்வார்களே, அதே விதிதான். சார்ஜ் ஏறும்போது விழித்திருக்கும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

• சில நாள் பறக்கப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துவிடுங்கள்.

"அண்ணா, லேசா உப்பியிருக்கு, இன்னும் ஒரு தடவை பறக்கலாமா?" வேண்டாம்பா. உள்ளே வாயு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். குத்திப் பார்க்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். குப்பை போடும் குழாயில் எறியவே கூடாது. எரியும் பொருள் எதுவும் இல்லாத இடத்தில் தனியாக வைத்து, மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கேட்டு ஒப்படையுங்கள்.

தீப்பிடித்துவிட்டால் வீரம் காட்டாதீர்கள். புகையே நச்சு. எல்லாரையும் வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு, 995-ஐ அழையுங்கள்.

3. எங்கே பறப்பது?

2019 ஜூன் 18, 19 தேதிகளில் சாங்கி விமான நிலையத்தருகே ட்ரோன்கள் தென்பட்டதால் 37 விமானங்கள் தாமதமாயின. விதிகள் சும்மா வந்தவை அல்ல.

250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் பதிய வேண்டும். பதிபவருக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும். ஐந்து அங்குல ட்ரோன் பேட்டரியோடு அரைக் கிலோவைத் தாண்டும், ஆகவே பதிவு கட்டாயம். 2025 டிசம்பர் 1 முதல், இருப்பிடத்தை ஒலிபரப்பும் அடையாளக் கருவியும் அதில் இருக்க வேண்டும்; நாமே கட்டியதென்றால் தனியாகப் பொருத்த வேண்டும். அனுமதி இல்லாமல் 60 மீட்டருக்கு மேலேயோ, விமானத்தளத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள்ளேயோ பறக்கக்கூடாது. கிளம்பும் முன் ஒன்மேப் வரைபடத்தில் தடைப் பகுதிகளைப் பாருங்கள். ட்ரோன் எப்போதும் வெறும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கண்ணாடி மாட்டியவருக்கு அது முடியாது. பக்கத்தில் ஒரு நண்பர் வானத்தைப் பார்த்தபடியே நிற்கட்டும்.

"தைப்பூச ஊர்வலத்தை மேலேயிருந்து எடுத்தா செமையா இருக்குமே?" இருக்கும். ஆனால் கீழே காவடி சுமந்து வருகிறவருக்கு நிமிர்ந்து பார்க்கவும் முடியாது, விலகவும் முடியாது. கூட்டத்தின் மேல் பறக்கவிடவே வேண்டாம்.

ஆயுத பூஜையன்று கருவிகளைத் துடைத்துப் பொட்டு வைக்கிறோம். இந்த வருடம் பேட்டரிகளையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, உறை, கம்பி, வோல்ட் மூன்றையும் பாருங்கள். தேறாததை ஒதுக்கிவிடுங்கள். கருவிக்குச் செய்யும் மரியாதை அதுவும்தான்.

கலந்து பேச:

1. உங்கள் வீட்டில் சார்ஜ் போட ஏற்ற இடம் எது? ஏன்?

2. அங்கே தீப்பிடித்தால் தாத்தா பாட்டி எந்த வழியாக வெளியேறுவார்கள்?

3. நண்பன் உப்பிய பேட்டரியோடு வந்தால் அவனிடம் என்ன சொல்வீர்கள்?