பீச் மரம் பிழைத்தால் போதாது, மொட்டும் பிழைக்கவேண்டும்

ரொறன்ரோவில் பின்வளவில் பீச் மரம் வைத்த நம்மவர்கள் பலரிடம் ஒரே குறை: "மரம் நல்லா நிக்குது, காய்தான் இல்லை." மரம் குளிர் தாங்குவது வேறு, மொட்டு தாங்குவது வேறு. ஆழ்ந்த உறக்கத்தில் இருக்கும் பீச் மரத்தின் பூமொட்டுகள் மைனஸ் 23 முதல் 26 பாகை செல்சியஸ் அளவில் பெருமளவில் சாகத் தொடங்கும். கட்டையும் கிளையும் இன்னும் சில பாகை தாங்கும். ஒரே ஓர் இரவுக் கடுங்குளிர், மரத்தை விட்டுவிட்டு அந்த ஆண்டுப் பழத்தை மட்டும் கொண்டுபோய்விடும். அதனால் வேலை கன்று வாங்கும் நாளிலேயே தொடங்குகிறது.

வகையைத் தெரிவுசெய்யும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள்: நடுக்குளிரில் மொட்டு எவ்வளவு தாங்கும்? வசந்தத்தில் எப்போது பூக்கும்? ரொறன்ரோவுக்கு வடக்கே இருப்பவர்களுக்கு என் முதல் தெரிவு ரிலையன்ஸ். நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகம் 1964இல் வெளியிட்ட வகை. சுவையில் இதைவிட நல்லவை உண்டு, ஆனால் குளிரில் நம்பலாம். கொன்டெண்டர் வட கரோலைனாவில் உருவானது. பிந்திப் பூக்கும், பழமும் இனிப்பு. அவ்வளவு வடக்கே இல்லாதவர்கள், இரண்டில் ஒன்றுக்குத்தான் இடமென்றால் கொன்டெண்டரை வையுங்கள். 1940இல் மிச்சிகனில் வெளியான ரெட்ஹேவன் ஏரிக்கரைப் பக்கத்துக்கு ஏற்றது. மூன்றும் தம் மகரந்தத்திலேயே காய்ப்பவை. ஒரு மரம் போதும்.

கொடைக்கானலில் காய்க்கிறதே, அந்தக் கன்று இங்கே வராதா என்று கேட்கிறார்கள். வராது. பீச் மரம் உறக்கம் தெளிய, ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே இத்தனை மணி நேரம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ரெட்ஹேவனுக்கு அது ஏறக்குறைய 950 மணி, கொன்டெண்டருக்கு 1,050. வெப்ப நாட்டு மலைகளுக்கும் புளோரிடாவுக்கும் ஏற்ற வகைகளுக்குச் சில நூறு மணி போதும். இங்கே அந்தக் கணக்கு குளிர்காலத்தின் முற்பகுதியிலேயே முடிந்துவிடும். ஜனவரியில் நாலு நாள் வெயிலடித்தால் மொட்டு பருக்கும். பின்னால் வரும் பெப்ரவரி குளிர் அதைக் கொன்றுவிடும். ஆனாலும் மணிக்கணக்கு கூடிய வகையெல்லாம் குளிர் தாங்கும் என்று எண்ணவேண்டாம். வகைப் பெயர் எழுதாத கன்றை வாங்கவே வேண்டாம். ஒட்டுக்கட்டையையும் கேளுங்கள், பெய்லி கட்டை குளிருக்குப் பேர்போனது.

நடும் இடத்தில், குளிர்ந்த காற்று தண்ணீர்போலப் பள்ளத்தில் தேங்கும் என்பதை மனதில் வையுங்கள். வளவின் தாழ்ந்த மூலை, வேலி மறிக்கும் சரிவின் அடி இரண்டையும் தவிருங்கள். நயாகராவில் பீச் செழிப்பதற்கு, ஒன்ராறியோ ஏரி தேக்கிவைக்கும் வெப்பமும் பின்னால் நிற்கும் மலைச்சரிவும் காரணம். நம் வளவில் ஏரி இல்லை, மேடாவது வேண்டும். தண்ணீர் தேங்காத மண்ணும் வேண்டும்.

ஜூன் முடிந்தபின் தழைச்சத்து உரம் போடாதீர்கள். பிந்தி எழும் இளந்தளிர் முற்றாமல் குளிரில் அகப்படும். இலையுதிர் காலத்தில் கத்தரிப்பதும் கூடாது. அந்த வெட்டுக்காயம் ஆறாமல் பட்டைப்புண் நோய் ஏறும். கத்தரிப்பு பூக்கும் காலத்தை ஒட்டியே நடக்கட்டும். பனி விழுமுன் அடிமரத்துக்கு, நீரில் கரையும் வெள்ளைச் சுவர்ப்பூச்சைச் சம அளவு தண்ணீரில் கலந்து அடியுங்கள். பகல் வெயிலில் சூடேறும் பட்டை இரவில் உறைந்து வெடிப்பதை இது தடுக்கும்.

மார்ச்சில் செய்யவேண்டிய சோதனையைப் பலர் செய்வதேயில்லை. மரத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் சில குச்சிகளை வெட்டி, வீட்டுக்குள் தண்ணீரில் ஒரு நாள் வையுங்கள். உறைந்த மொட்டில் சேதம் தெரியாது. இளகியபின்தான் நிறம் மாறும். கணுவில் நடுவே ஒல்லியாக இருப்பது இலைமொட்டு, இரு பக்கமும் உருண்டிருப்பவை பூமொட்டு. சவர அலகால் பூமொட்டைக் குறுக்கே சீவுங்கள். நடு பச்சையென்றால் உயிர் இருக்கிறது. பழுப்போ கறுப்போ என்றால் செத்துவிட்டது. ஐம்பது மொட்டாவது பாருங்கள். பீச் மரம் தேவைக்கு மிஞ்சி மொட்டு வைக்கும். பத்தில் இரண்டு தப்பினாலும் வீட்டுக்குப் போதிய பழம் வரும். பெரும்பாலானவை செத்திருந்தால் அந்த ஆண்டு கிளைகளைக் குறைவாக வெட்டுங்கள்.

மொட்டு பருக்கப் பருக்கத் தாங்கும் சக்தி குறையும். பருத்த மொட்டில் மைனஸ் 8 பாகையிலேயே பத்தில் ஒன்று சாகும். முழுதாக விரிந்த பூவுக்கு மைனஸ் 2.8 பாகையிலேயே அந்தச் சேதம், மைனஸ் 4.4 போனால் பத்தில் ஒன்பது போய்விடும். இடையில் இருப்பது இரண்டு பாகைகூட இல்லை. ஒரு பழைய படுக்கைவிரிப்பு காப்பாற்றக்கூடிய இடைவெளி அது. பகலில் அடிமண்ணை நனைத்து, மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிடுங்கள். ஈரமண் வெயில் வெப்பத்தைப் பிடித்துவைத்து இரவில் விடும். பொழுது சாயுமுன் விரிப்பை நிலம் தொடப் போர்த்தி, காலையில் எடுத்துவிடுங்கள்.

மரம் பூத்து நிற்கும் நாட்களில் தினமும் மாலை வானிலை அறிவிப்பைப் பாருங்கள். வானம் தெளிந்து காற்றும் அடங்கினால், அன்றிரவு விரிப்பைப் போர்த்தாமல் படுக்கப் போகாதீர்கள்.