கணிப்பொறியின் மின்வழங்கியைச் சோதிக்கும் முறை

கணிப்பொறி இயங்காதொழியின் நாம் முதற்கண் ஐயுறுவது அதன் தாய்ப்பலகையையே. அப்பலகை விலை மிக்கது. கண்ணுக்கு விளங்காத நுண்ணுறுப்புக்கள் நிறைந்தது. ஆதலின் பழி அதன் தலைமேல் எளிதில் ஏறிவிடுகின்றது. அதற்கு மின்சாரத்தை ஊட்டும் மின்வழங்கியோ, பெட்டியின் ஒரு மூலையில் விசிறி சுழல அமர்ந்திருப்பதனால், குற்றமற்றதெனத் தப்பிவிடுகின்றது. உயிரின் துணையின்றி மெய் ஒலியாது என்பதை இலக்கணம் பயில்வார் யாவரும் அறிவர். தாய்ப்பலகையும் அத்தன்மைத்தே. மெய்யைப் பழிக்குமுன் உயிரை ஆராய்தல் வேண்டும். அவ்வாராய்ச்சியைப் பொறியியல் பயிலாத நம்மனோரும் ஓரளவு செய்துகொள்ளலாம் என்பதைக் காட்டவே இக்கட்டுரை எழுந்தது.

மின்வழங்கி என்னும் சொல் நூலோர் வழக்கு. அண்ணாசாலையை அடுத்துள்ள ரிச்சித் தெருவிற் சென்று இச்சொல்லைக் கூறின் கடைக்காரர் நம் முகத்தை நோக்குவார், ‘எஸ்.எம்.பி.எஸ்.’ என்றால் உடனே எடுத்துத் தருவார். தமிழ் பயிலும் யாம் அதற்காக அவரோடு வழக்காடுவதில்லை. பொருள் கைக்கு வருதலே அங்கு வேண்டுவது.

அக்கருவி செய்யும் தொழில் வியத்தற்குரியது. நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட் அழுத்தமுடைய, நொடிக்கு 50 முறை ஊசலாடும் மாறுமின்சாரம். கணிப்பொறிக்கு வேண்டுவதோ 12, 5, 3.3 வோல்ட் என்னும் சிற்றழுத்தங்களில் அசையாது நிற்கும் நேர்மின்சாரம். பழைய முறையில் இதனைச் செய்யக் கனத்த இரும்பு நெஞ்சுடைய மின்மாற்றி வேண்டும். புதுமுறையில், வந்த மின்சாரத்தை முதலில் ஏறக்குறைய 325 வோல்ட் நேர்மின்சாரமாக்கிப் பெரிய மின்தேக்கி ஒன்றில் நிரப்பி, பின்னர் அதனை நொடிக்குப் பல பதினாயிரம் முறை வெட்டி வெட்டிச் சிறியதொரு மின்மாற்றியின் வழியே செலுத்துகின்றனர். ஊசலாட்டம் மிகுந்தோறும் மாற்றியின் உருவம் சிறுத்துவிடும். 1977-ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாம் ஆப்பிள் கணிப்பொறியில் இம்முறையே கையாளப்பட்டது. 1981-இல் வந்த ஐ.பி.எம். கணிப்பொறிக்கு 63.5 வாட் ஆற்றலே போதியதாயிருந்தது. இப்பொழுது வீடுகளிற் காணும் மேசைக்கணிப்பொறிகள் பெரும்பாலும் 1995-இல் இன்டெல் நிறுவனத்தார் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் இலக்கணத்தின் வழிவந்தவை. நம் சோதனைக்கு வேண்டும் நிறங்களும் எண்களும் அவ்விலக்கணத்தில் அடங்கியிருப்பதால், எந்நிறுவனத்தார் செய்த கருவியாயினும் ஒரே அளவுகோலால் அளக்கலாம்.

இனி, ஒரு நிகழ்ச்சியை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு அணித்தாயுள்ள அயனம்பாக்கத்தில், வீட்டின் முன்னறையில் கணிப்பொறியும் அச்சியந்திரமும் வைத்துக்கொண்டு, மணவிழா அழைப்பிதழ்களும் விண்ணப்பங்களும் அடித்துக்கொடுத்துப் பிழைக்கும் அம்மையார் ஒருவர் உளர். கடந்த மார்கழித் திங்களில் அவருடைய கணிப்பொறிக்கு ஒரு நோய் கண்டது. எழுத்துக்களை அடிக்கும்வரையில் ஒழுங்காயிருக்கும். படங்கள் நிறைந்த அழைப்பிதழைத் திறந்து அச்சிற்கு அனுப்பத் தொடங்கியதும் திடீரென அணைந்து, தானே மீண்டும் எழும். தை பிறந்தால் முகூர்த்தங்கள் நெருங்கும். பதினேழு குடும்பத்தார் முன்பணம் கொடுத்திருந்தனர். பழுதுபார்ப்பவர் ஒருவர் வந்து நோக்கி, “விசிறி ஓடுகிறது; எஸ்.எம்.பி.எஸ். நன்றாகவே இருக்கிறது, போர்டுதான் போய்விட்டது,” என்று கூறி எண்ணாயிரம் ரூபாய் ஆகுமென்றார். அம்மையார் தம் கை வளையலை அடகு வைக்க எண்ணியிருந்த வேளையில், அவ்வீட்டிற்கு அடுத்த தெருவில் வாழும் எம் வகுப்பு நண்பர் எம்மை அழைத்துச் சென்றார். எம் கையிலிருந்தது ஒரு மல்டிமீட்டரே.

விசிறி ஓடுகின்றது என்பது சான்றாகுமா? ஆகாது. விசிறிக்கு வேண்டுவது மிகச் சிறிய மின்னோட்டம். 12 வோல்ட் இழையில் ஒன்பது வோல்ட்டே வந்தாலும் அது சுழலும். ஐந்து வோல்ட், 3.3 வோல்ட் இழைகள் முற்றும் அற்றுப்போயினும் சில கருவிகளில் அது சுழலக்கூடும். மறுதலையாக, வெப்பம் ஏறினாலன்றி விசிறியைச் சுழற்றாத நல்ல கருவிகளும் இக்காலத்தில் உள. அவற்றில் விசிறி நிற்றலும் குற்றமன்று.

யாம் முதலிற் செய்தது கண்ணாலும் மூக்காலும் சோதித்தல். சுவர்ச் செருகியை அகற்றி, பெட்டியின் பக்கப்பலகையைக் கழற்றி, கருகிய நாற்றம் உண்டோ என்று முகர்ந்தோம். தாய்ப்பலகையின்மேல் நிற்கும் உருளை வடிவான மின்தேக்கிகளின் தலை சப்பையாயிருத்தல் வேண்டும்; உப்பியிருப்பினும் பழுப்பு நீர் கசிந்திருப்பினும் அவை கெட்டன. கடைக்காரர் ‘கண்டென்சர்’ என்பன இவையே. அம்மையாரின் பலகையில் எல்லாம் செம்மையாக இருந்தன. மின்வழங்கியின் உள்ளேயும் இவை உண்டு. அவற்றைக் காற்றுத் துளைகளின் வழியே விளக்கைப் பிடித்துப் பார்க்கலாமேயன்றி மூடியைத் திறத்தல் கூடாது. முன்னர்க் கூறிய 325 வோல்ட் செருகியை அகற்றிய பின்னும் அப்பெரிய மின்தேக்கியில் தங்கியிருக்கக்கூடும். தீண்டினார் உயிர்க்கு அது கேடாய் முடியும். பயிற்சியுடையார்க்கன்றிப் பிறர்க்கு உரிய இடம் அஃது அன்று. இது போன்றே, 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் நேர்ந்ததுபோல வீட்டினுள் புகுந்த நீரில் மூழ்கிய மின்வழங்கியை, வெயிலில் உலர்த்திச் சோதித்துப் பார்ப்போம் என்று எண்ணுதலும் தகாது. அதனை ஒழித்துவிடுவதே நேர்.

அடுத்தது உறக்கநிலைச் சோதனை. கணிப்பொறி அணைந்திருக்கும்பொழுதும், சுவர்ச்சாவியும் மின்வழங்கியின் பின்புறச் சாவியும் திறந்திருப்பின், ஊதாநிறக் கம்பியில் ஐந்து வோல்ட் இடையறாது நிற்கும். முன்புறப் பொத்தானை அழுத்துதலைக் கேட்டறியும் காதுபோல்வது அது. மல்டிமீட்டரை 20 வோல்ட் நேர்மின்சார அளவில் நிறுத்தி, அதன் கறுப்பு முனையைக் கறுப்புக் கம்பியிலும், சிவப்பு முனையை ஊதாக் கம்பி நுழையும் துளையிலும் செருகியின் பின்புறத்திலிருந்து வைத்தோம். 5.03 என்று காட்டியது. 4.75 முதல் 5.25 வரை நலமே. இது சுழியாயிருந்தால் பலகையை முதலிற் பழித்தல் தகாது. சுவர்த்துளை, கம்பி, மின்வழங்கி என்னும் இம்மூன்றில் ஒன்றே பெரும்பாலும் குற்றவாளி.

பின்னர் மின்சாரத்தை நிறுத்தி, மின்வழங்கியின் இழைகளையெல்லாம் பலகையினின்றும் பிறவற்றினின்றும் கழற்றி, அதனைத் தனியே எழுப்பினோம். 24 துளையுடைய பெருஞ்செருகியில் பச்சைக்கம்பி ஒன்றே ஒன்று உண்டு. அதன் இரு மருங்கும் கறுப்புக் கம்பிகள் நிற்கும். பச்சையையும் ஒரு கறுப்பையும் சிறு கம்பித்துண்டால் இணைத்து மின்சாரத்தைத் திறந்தால், பொத்தானை அழுத்தியதுபோல் அது விழித்துக்கொள்ளும். சில புதிய கருவிகளில் எல்லாக் கம்பிகளும் கறுப்பாகவே இருத்தலின், அங்கே நிறத்தை நம்பாது துளையை எண்ணிக் காணல் வேண்டும். பச்சைக்குரியது 16-ஆம் துளை. பழைய மின்வழங்கிகள் சில சுமையின்றி எழா. அவற்றிற்குப் பழைய வன்தட்டு ஒன்றை மாட்டிவிடுதல் வழக்கம்.

அவ்வாறு எழுப்பியபொழுது மஞ்சட்கம்பி 12.14 என்றும், சிவப்பு 5.08 என்றும், ஆரஞ்சு 3.34 என்றும் காட்டின. ஐந்து விழுக்காடு ஏறவோ இறங்கவோ இலக்கணம் இடந்தருகின்றது. அஃதாவது மஞ்சள் 11.4-க்கும் 12.6-க்கும் இடையிலும், சிவப்பு 4.75-க்கும் 5.25-க்கும் இடையிலும், ஆரஞ்சு 3.14-க்கும் 3.47-க்கும் இடையிலும் நிற்றல் வேண்டும். நீலக்கம்பி மட்டும் எதிர்முகமாகப் பன்னிரண்டு காட்டும். அதற்குப் பத்து விழுக்காடு சலுகை. சாம்பற்கம்பி, ‘எல்லாம் நலம்’ என்று பலகைக்கு அறிவிக்கும் தூதன். ஏனைய இழைகள் நிலைபெற்றபின் 0.1 முதல் 0.5 நொடி கழித்து அது ஐந்து வோல்ட் அளவிற்கு எழும். அத்தூது வாராதாயின் மற்றவை செம்மையாயிருந்தும் கணிப்பொறி எழாது. அம்மையாரின் கருவியில் அதுவும் வந்தது.

எண்களெல்லாம் நல்லனவாயிருக்கப் பழுதுபார்ப்பவர் சொல்லே மெய்யென்று அம்மையார் சோர்ந்தார். எம் நண்பரும் அவ்வாறே கருதினார். ஆனால் இதுவரை நடந்தது சுமையற்ற சோதனை. மணவாளனை எதிர்கொள்ளச் சென்ற கன்னிகைகள் பதின்மரின் தீவட்டிகளும் தொடக்கத்தில் எரிந்தனவே. இரவு நீண்டபொழுதன்றோ எவரிடம் எண்ணெய் இல்லை என்பது தெரிந்தது! மின்வழங்கியும் அங்ஙனமே. ஒன்றும் சுமக்காத நிலையில் பன்னிரண்டு காட்டுவது அருஞ்செயலன்று.

ஆகவே எல்லா இழைகளையும் மீண்டும் பூட்டி, கணிப்பொறியை எழுப்பி, மஞ்சட்கம்பியின் செருகிப் பின்புறத்தில் மீட்டரின் முனையை வைத்தபடியே, அம்மையாரை வழக்கமான வேலையைத் தொடங்கச் சொன்னோம். வெறுந்திரையில் 11.86. எழுத்தடிக்கையில் 11.7. படங்கள் நிறைந்த அழைப்பிதழ் திறந்ததும் 11.3 ஆகி, அச்சிற்கு அனுப்பியவுடன் 11.0 என்று கண்டது; அக்கணமே திரை இருண்டது. மும்முறை செய்தோம், மும்முறையும் அதுவே. வேலை ஏற ஏற அழுத்தம் வீழ்ந்ததே நோயின் காரணம் என்பது ஐயமின்றிப் புலனாயிற்று.

ஈண்டு மீட்டரின் எல்லையையும் சொல்லிவிடுதல் கடன். அது மெல்ல நோக்கும் கண்ணுடையது. கணநேரச் சரிவுகளையும் நேர்மின்சாரத்தின்மேல் மிதக்கும் சிற்றலைகளையும் காணாது. பன்னிரண்டு வோல்ட் இழையில் 120 மில்லிவோல்ட்டுக்கும், ஐந்து, 3.3 வோல்ட் இழைகளில் 50 மில்லிவோல்ட்டுக்கும் மேல் அலை எழலாகாது என்பது விதி. அதனை அளக்க அலைகாட்டி வேண்டும். அது கல்லூரிப் பௌதிக ஆய்வகத்தில் இருக்குமேயன்றி அயனம்பாக்கத்து முன்னறையில் இராது. மீட்டர் குற்றங்காட்டினால் அதனை நம்பலாம். குற்றமில்லை என்று காட்டினால் முழுதும் நம்பலாகாது. அந்நிலையில் எஞ்சுவது, நன்றென முன்னரே அறிந்த வேறொரு மின்வழங்கியை மாற்றிப் பூட்டிப் பார்த்தல். எம் நண்பர் தம் வீட்டுக் கணிப்பொறியினின்றும் கழற்றிக் கொணர்ந்ததைப் பூட்டினோம். மஞ்சட்கம்பி 11.9-க்குக் கீழே இறங்கவில்லை. அழைப்பிதழ் முழுதும் அச்சாகி வந்தது.

நீக்கிய கருவியின் மேலொட்டிய தாளில் 450 வாட் என்று பெரிதாக எழுதியிருந்தது. அதன்கீழ்ச் சிற்றெழுத்தில் பன்னிரண்டு வோல்ட் இழைக்கு 14 ஆம்பியர் என்றிருந்தது. பெருக்கினால் 168 வாட். இக்காலக் கணிப்பொறியின் உழைப்பு பெரும்பாலும் பன்னிரண்டு வோல்ட் இழையின் மேலேயே விழுதலின், வாங்குவோர் நோக்கவேண்டுவது இச்சிறிய எண்ணையே. பெரிய எண் கண்ணைக் கவரும் பொருட்டு அச்சிடப்படுவது என்பது எம் துணிபு. அம்மையார் ரிச்சித் தெருவில் இவ்வெண்ணைப் பார்த்தே புதியதொன்று வாங்கினார். எண்ணாயிரத்தில் கால்பங்குக்கு மேற்படவில்லை.

மற்றொன்றும் அன்று வெளிப்பட்டது. புதியதைப் பூட்டிய பின்னும், வெறுங்காலோடு நின்று பெட்டியின் இரும்பைத் தொட்டால் விரல் சுரீரென்றது. இதனை மின்வழங்கியின் பழுதென்று பலர் எண்ணுவர், அன்று. குறுக்கீட்டொலியை வடிக்கும்பொருட்டு உள்ளே வரும் இரு மின்கம்பிகளினின்றும் பெட்டியின் உடலுக்குச் சிறு மின்தேக்கிகள் இணைக்கப்பட்டுள்ளன. அவை கசியவிடும் மின்சாரத்தை நிலத்திற்குக் கொண்டுபோவது செருகியின் தடித்த மூன்றாம் முள். சுவரின் பின்னே அதற்கு நிலத்தொடர்பு இல்லையாயின் பெட்டியின் உடல் 230-இல் பாதி அழுத்தத்தோடு நிற்கும். பாயும் அளவு மிகச் சிறிதாதலின் சுரீரென்பதோடு ஒழியும்; ஆயினும் உள்ளே பெருங்கசிவு ஒன்று நேர்ந்தால் காப்பதற்கு யாதுமில்லை என்பதற்கு அஃது அறிகுறி. இரண்டு முள் செருகியில் கணிப்பொறியைப் பூட்டுவதும் இத்தன்மைத்தே.

சுவர்ப்பக்கத்துச் சோதனையை யாம் மேற்கொள்ளவில்லை. உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை அம்மையார் வரவழைத்தார். அவர் கிணற்றோரத்தில் இருந்த பழைய நிலத்தொடர்புக் கம்பி துருவேறி அற்றுப்போயிருந்ததைக் காட்டி, புதிதாய்க் குழி எடுத்து, குழாயை நிறுத்தி, கரியும் உப்பும் அடுக்கி மூடினார். கோடையில் ஏரி வற்றும் நாட்களில் அக்குழாயில் நாளும் ஒரு குடம் நீர் ஊற்றவேண்டுமென்று சொல்லிப் போனார்.