நாயும் நீர்நாயும்

பொதிய மலையிற் பிறந்து, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் நடந்து, புன்னைக்காயலருகே கடலொடு கலக்கும் பொருநையாறு தன் நீர் முழுவதையும் கடலுக்குக் கொடுத்துவிடுவதில்லை. வழியிலுள்ள எட்டு அணைக்கட்டுகள் அதனை மறித்துக் கால்வாய்களிற் செலுத்துகின்றன. அந்நீர் வயல்களை நனைப்பதோடு குளங்களையும் நிரப்புகின்றது. செங்கற்பட்டார் ஏரி என்றும், மதுரை இராமநாதபுரத்தார் கண்மாய் என்றும் கூறுவதனையே நெல்லைச் சீமையார் குளம் என்பர். ஆதலின், குளம் என்றவுடன் கோயில் தெப்பக்குளத்தை எண்ணிக்கொள்ள வேண்டா. தென்திருப்பேரையை அடுத்துள்ள கடம்பாகுளத்தின் கரையில் நிற்பவனுக்கு, எதிர்ப்புறத்துப் பனைகள் மையாற் கீறிய கோடுகள்போலவே தோன்றும்.

இத்தகைய பெருங்குளத்திற்கு இரண்டு முகங்கள் உண்டு. கரையும் மடையும் உள்ள முகம் ஊரார்க்கு உரியது. அங்கே துணி துவைப்போரும், மாடு குளிப்பாட்டுவோரும், நீந்தி விளையாடும் சிறுவரும் காலை முதல் ஆரவாரம் செய்வர். நீர் மெலிந்து சேறாக முடியும் மற்றொரு முகத்தில் கரையும் இல்லை, வழியும் இல்லை. சம்பும் நாணலும் அடர்ந்து, கருவேல மரங்கள் இடுப்பளவு நீரில் நிற்கும். அங்கே நடந்து செல்ல இயலாது. சிறு வள்ளம் ஒன்றே செல்லும்.

வள்ளம் என்பது மரத்தைக் குடைந்து செய்யும் ஒடுங்கிய படகு. மேலைநாட்டார் இதனை ஒத்த படகைக் கனூ என்பர். கரிபியத் தீவுகளின் பழங்குடி மக்களிடமிருந்து இசுப்பானியர் வழியாக ஐரோப்பாவிற்குச் சென்ற சொல் அது. நம் கட்டுமரம் என்ற சொல்லும் அவ்வாறே ஆங்கிலத்தில் ஏறிக்கொண்டது. ஏறியபின் இரட்டை உடற்படகு என்று பொருள் திரிந்தது வேறு கதை. ஏரிகள் மலிந்த கனடா நாட்டில், நாயையும் ஏற்றிக்கொண்டு கனூவில் ஏரியின் ஒதுங்கிய மூலைகளைச் சுற்றிவருதல் பலர்க்கு விருப்பமான பொழுதுபோக்கு. அவ்வகைச் செலவு ஒன்று எனக்கு 1978ஆம் ஆண்டு தை மாதத்தில் என் மாமன் ஊரிலேயே வாய்த்தது.

மாமன் வீட்டில் கன்னி இனத்து வேட்டை நாய் ஒன்று இருந்தது. கரிய உடல், நீண்ட முகம், ஒட்டிய வயிறு. வீரன் என்பது பெயர். மீன் பிடிக்கும் அண்ணாச்சி ஒருவர் தம் வள்ளத்தில் எங்களை அழைத்துச்செல்ல இசைந்தார். “தம்பி, நாய் அசையாமல் இருக்குமானால் ஏறு, அது துள்ளினால் மூவரும் தண்ணீரில்தான்” என்றார். நகம் வழுக்காதபடி வள்ளத்தின் நடுவே நனைந்த சாக்கினை விரித்து வீரனைப் படுக்கவைத்தார். நான் அதன் கழுத்துக் கயிற்றைக் குறுக்குக் கட்டையிற் பிணைக்க முனைந்தபோது தடுத்துவிட்டார். படகு கவிழ்ந்தால் நீந்தத் தெரிந்த நாயையும் கயிறு கொன்றுவிடும் என்பது அவர் கூறிய காரணம்.

துடுப்பு நீரை அடித்து ஒலி எழுப்புமாதலால், சம்பங்காட்டை அணுகியதும் அண்ணாச்சி மூங்கிற் கழையை எடுத்து ஊன்றினார். நீலச்சிறகிகள் கூட்டமாக மிதந்தன. அவை வடநாடுகளின் கடுங்குளிருக்கு ஒதுங்கி ஆயிரக்கணக்கான கல் தொலைவு பறந்துவந்த வாத்துகள். கரையில் மனிதன் எழுந்து நின்றாலே பறந்துவிடும் அவை, தாழ்ந்து அமர்ந்து மெல்ல ஊர்ந்த எங்களைக் கண்டு சிறிதே விலகியதோடு நின்றன. பாம்புத்தாரா ஒன்று கருவேலங்கிளையிற் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது.

அப்போது வாடைக்காற்று வீசியது. எங்களுக்கு எதுவும் தோன்றவில்லை. வீரன் தலையை உயர்த்தியது. அதன் மூக்கு நடுங்கிற்று. அது நோக்கிய திசையில் மண்திட்டு ஒன்றின்மேல் மீன்செதிள் கலந்த எச்சம் கிடந்தது. அதனருகே நீர் பிளந்து, தட்டையான தலை ஒன்று மேலெழுந்தது, பின்னர் மற்றொன்று, மொத்தம் ஐந்து நீர்நாய்கள். இரண்டு குட்டிகள். பெரியது கழுத்தளவு நிமிர்ந்து எங்கள் நாயை உற்றுநோக்கிச் சீறியது.

வீரனின் தொடைத்தசைகள் இறுகுவதை என் உள்ளங்கை உணர்ந்தது. நிலத்தில் முயலை ஓடிப்பிடிக்கும் நாய் அது. நீரிலோ நீர்நாய்க்கு இணையாகாது. விரலிடைச் சவ்வும், சுக்கான்போன்ற வாலும், கலங்கல் நீரிலும் மீனின் அசைவை உணரும் மீசையும் உடையது நீர்நாய். குட்டியைக் காக்கக் கூட்டமாகத் திரும்பித் தாக்கவும் வல்லது. அண்ணாச்சி கழையை மடியிற் கிடத்தி மூச்சடக்கினார். “இரு” என்று நான் காதருகே கூறினேன். வீரன் முனகிற்று, துள்ளவில்லை. சற்று நேரத்தில் ஐந்து தலைகளும் நீருள் மறைந்தன.

வலையைக் கிழித்து மீனைக் கவரும் அவ்விலங்கை அவர் ஏன் விரட்டவில்லை என்று வினவினேன். “மீனுள்ள குளத்தில்தானே தம்பி அது இருக்கும்” என்றார்.

நீர்நாய் தமிழர்க்குப் புதியதன்று. குறுந்தொகை, அகநானூற்று மருதப் பாடல்களில் அது வாளை மீனை நாளிரையாகக் கொள்ளும். வங்காளதேசத்து மீனவர் சிலர் அதனைப் பழக்கி, மீன்களை வலைக்குள் துரத்துவித்து வந்துள்ளனர். அங்கே நீர்நாய் உண்மையாகவே நீரில் வேலைசெய்யும் நாயாயிற்று!

மாணவர்களே, நாயுடன் படகேற விரும்புவோர் இடமும் காலமும் அறிதல் வேண்டும். 1988இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துள்ளிருக்கும் காரையாற்று நீர்த்தேக்கம் நாயைக் கொண்டுசெல்லும் இடமன்று. பறவைகள் கூடு கட்டியிருக்கும் கூந்தன்குளமும் அத்தகையதே. நாயின் மோப்பமே பறவையைக் கூட்டைவிட்டு எழுப்பப் போதும். நோயும் உண்டு. 2018இல் குசராத்தின் கிர்க் காட்டுச் சிங்கங்கள் பல மடிந்ததற்கு நாய்களைப் பற்றும் டிஸ்டெம்பர் என்னும் நச்சுயிரி ஒரு காரணம்; அது நீர்நாயையும் பற்றவல்லது. ஊர்க்குளத்திற்கு அழைத்துச்செல்லும் நாய்க்கும் முன்னதாகத் தடுப்பூசி இடுதல் வேண்டும். பொருநைப் படுகையின் குளங்களில் 2011 முதல் சனவரித் திங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகின்றது. விடியற்காலையில் தொலைநோக்கியுடன் கரையேறி, பேசாமல் எண்ணவேண்டிய வேலை அது. அதற்குச் செல்லும் நாளில் நாய் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கட்டும்.