பாசி போர்த்த குறுமரம்

ஜப்பானிய மொழியில் ‘போன்’ என்னும் சொல் தாழ்ந்த தட்டையும், ‘சாய்’ என்னும் சொல் நடுதலையும் குறிக்கும். ஆதலால் ‘போன்சாய்’ என்பதற்குத் தட்டில் நடப்பட்டது என்பதே பொருள். இரண்டங்குல ஆழமுள்ள மண்தொட்டியில், இரண்டடி உயரத்தில், நூறாண்டு கண்ட பைன் மரம் ஒன்று நிற்கும். அதன் அடியில் பச்சைப் பட்டு விரித்தாற்போலப் பாசி படர்ந்திருக்கும். காண்போர்க்கு ஒரு மலைச்சாரலே எதிரில் நிற்பதாகத் தோன்றும்.

வீட்டுத் தோட்டத்தில் விருப்பமுள்ள அங்கத்தினர்கள் இக்கலையைக் கற்க எண்ணுவது இயல்பே. ஆயினும் புதிதாகத் தொடங்குவோர் பாசியின் அழகில் மயங்கி மரத்தைப் பறிகொடுப்பதுண்டு. பாசி எதற்கு, எவ்வளவு, எப்பொழுது என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

ஓமியாவின் தோட்டக்காரர்கள்

இக்கலை சீனத்தில் பிறந்து, ஜப்பானில் தனி உருவம் பெற்றது. 1309-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஜப்பானிய ஓவியச் சுருள் ஒன்றில் தட்டில் வைத்த குறுமரங்கள் காணப்படுகின்றன. பிற்காலத்தில் டோக்கியோ நகரில் இதனைத் தொழிலாகக் கொண்ட தோட்டக்காரர்கள் பலர் வாழ்ந்தனர். 1923 செப்டம்பர் முதல் நாளன்று அந்நகரைப் பெரும் பூகம்பம் தாக்கியது. இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் மாண்டனர். உயிர் தப்பிய தோட்டக்காரர்களுள் சிலர் நல்ல மண்ணும், தூய நீரும், பரந்த நிலமும் வேண்டி வடக்கே ஓமியா என்னும் இடத்தை நாடி, 1925-இல் ஒரு குடியிருப்பை அமைத்தனர். அதுவே இன்று சைத்தாமா நகரில் அடங்கிய ஓமியா போன்சாய் கிராமம்.

அங்குக் குடியேறியோர் தமக்குள் ஒரு சங்கம் கண்டு, 1928-இல் நான்கு விதிகளை வகுத்துக் கொண்டனர். அவை கூட்டுறவாளர் அனைவரும் சிந்திக்கத் தக்கவை.

1. இங்கு வசிப்போர் ஒவ்வொருவரும் பத்துக்குக் குறையாத போன்சாய் மரங்கள் வைத்திருத்தல் வேண்டும்.
2. எவர் எப்பொழுது வரினும் கண்டு மகிழுமாறு வாயிற் கதவைத் திறந்து வைத்தல் வேண்டும்.
3. அடுத்த வீட்டை மேலிருந்து நோக்குவதும், அதன்மீது நிழல் விழச் செய்வதுமான மாடி வீடு கட்டலாகாது.
4. வீட்டைச் சுற்றிச் சுவர் எழுப்பாமல் உயிர்வேலியே அமைத்தல் வேண்டும்.

மூன்றாவது விதி மிகவும் கவனிக்கத் தக்கது. மரத்திற்கு வெயில் உயிர். தன் வீடு உயர்வதால் அயலான் மரம் நிழலில் வாடுமாயின், அவ்வுயர்வு வேண்டாம் என்று அவர்கள் தாமே முடிவு செய்தனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போன்சாய் ஆடம்பரமெனக் கருதப்பட்டது; பல தோட்டங்கள் மூடப்பட்டன. போருக்குப் பின் எஞ்சியவர் மீண்டும் தொழிலை நிலைநிறுத்தினர். 1989-இல் முதல் உலக போன்சாய் மாநாடு ஓமியாவில் கூடியது. 2010-இல் அங்கே பொது மக்களுக்கென ஒரு போன்சாய்க் கலைக்கூடம் திறக்கப்பெற்றது.

மரம் குறுகி நிற்பது எவ்வாறு?

பட்டினி போட்டுக் குறுக்கிய மரம் என்று சிலர் போன்சாயைப் பழிப்பர். அது உண்மையன்று. விதையிலும் இனத்திலும் இது காட்டில் ஓங்கி வளரும் மரமேயாகும். தொட்டியின் சிறுமை வேரைக் கட்டுப்படுத்துகிறது. கொழுந்து கிள்ளுவதும் கிளை கழிப்பதும் மேல்வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகின்றன. செம்பு அல்லது அலுமினியக் கம்பியைச் சுற்றிக் கிளைகளை வேண்டிய பக்கம் வளைப்பர். இளமரங்களைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறையும், முதிய பைன் மரங்களை அதனினும் நீண்ட இடைவெளி விட்டும் தொட்டியினின்று எடுத்து, தடித்த வேரைக் கழித்துச் சல்லி வேரை வளர்ப்பர்.

உணவுக்கும் குறைவில்லை. எள்ளுக்கும் கடலைக்கும் உள்ளது போல அங்கே கடுகினச் செடி ஒன்றின் பிண்ணாக்கு உண்டு. அதனைச் சிறு வில்லைகளாக்கித் தொட்டி மண்மீது வைப்பர். நீர் வார்க்குந்தோறும் சத்து மெல்லக் கரைந்து வேருக்கு இறங்கும்.

எல்லாவற்றினும் அரியது நீர் வார்த்தலே. ‘நீர் வார்க்கக் கற்க மூன்றாண்டு’ என்பது அத்தொழிலாளரிடையே வழங்கும் பழமொழி. கோடையில் நாளொன்றுக்கு இருமுறை, சில வேளை மும்முறையும் நீர் தேவைப்படும். மண்ணோ இரண்டங்குலம். தரையில் நிற்கும் மரம் ஆழ வேரோடி நீர் தேடிக் கொள்ளும்; தொட்டி மரத்திற்குத் தேடிச் செல்ல இடமில்லை. அதற்கு உடையவன் கையே மழை.

ஜப்பானியர் ‘அகாடாமா’ என்னும் எரிமலைச் சாம்பல் வழிவந்த குருணை மண்ணை இதற்குப் பயன்படுத்துகின்றனர். நீர் வடிவதற்கு ஏற்றது என்பதோடு, இதற்கு வேறொரு சிறப்பும் உண்டு. ஈரமுள்ளபோது கருஞ்சிவப்பாகவும், காய்ந்தபோது வெளிறியும் இது நிறம் மாறும். அந்நிறத்தைப் பார்த்தே தோட்டக்காரர் எந்தத் தொட்டிக்கு நீர் வேண்டுமென அறிகின்றனர். இதை மனத்திற் கொண்டு இனிப் பாசியைப் பற்றி ஆராய்வோம்.

பாசியின் இயல்பு

குளத்தில் மிதக்கும் பாசி வேறு. இங்குக் கூறுவது வேறு. மழை நாளில் சுவரிலும், கிணற்றுப் படியிலும், ஓட்டுக் கூரையிலும் பச்சை மெத்தையாகப் படரும் பாசியே இது. இதற்கு உண்மையான வேர் இல்லை. பற்றிக் கொள்ளும் நுண்ணிய இழைகளே உண்டு. நீரையும் பெரும்பாலும் தன் இலைகளின் வழியாகவே உறிஞ்சுகிறது. ஆதலால் பனியாலோ சிறு தூறலாலோ மேற்பரப்பு நனைந்தாலே பாசி பசுமை கொள்ளும். நீரின்றேல் சுருண்டு பழுப்பாகும். மீண்டும் நனைந்தால் பல வகைகள் உயிர் பெற்றெழும்.

மரம் அத்தகையதன்று. ஒரு முறை வேர் உலர்ந்து மாண்டால் எவ்வளவு நீர் விட்டாலும் எழாது. பாசியும் மரமும் ஒரே தொட்டியில் வாழினும், அவற்றின் தாகம் ஒன்றன்று. இதுவே இப்பாடத்தின் சாரம்.

நன்மையும் தீமையும்

பாசியால் விளையும் நன்மைகள் மூன்று. நீர் வார்க்கும்போது மண் அரித்துப் போகாமல் காக்கிறது. மேல்மண் விரைவில் உலராமல் தடுப்பதால் சல்லி வேர் மேற்புறத்திலும் ஓடுகிறது. மரத்திற்கு முதுமைத் தோற்றம் தருகிறது. ஜப்பானியர்தம் நாட்டுப் பாடலிலும் பாசி நெடுங்காலத்தின் அடையாளமாகவே குறிக்கப்படுகிறது.

தீமைகளும் மூன்று. முதலாவது, மண்ணின் நிறத்தை மறைத்து விடுகிறது. மேலே பாசி பசுமையாயிருக்க, கீழே வேர் வறண்டிருக்கக் கூடும். நன்கு உலர்ந்த தடித்த பாசியோ வார்க்கும் நீரை உள்ளே விடாமல் ஓரமாக வழிந்தோடச் செய்யும். இரண்டாவது, அடிமரத்தின் மீது ஏறினால் பட்டையை எந்நேரமும் ஈரமாக வைத்து அழுகச் செய்யும். பக்கவாட்டில் விரிந்த மேல்வேர்களே போன்சாயின் பேரழகு, அவற்றையும் மூடிவிடும். மூன்றாவது, பிண்ணாக்கு வில்லை வைத்த இடத்தில் பாசி கருகும்; பாசிக்காக எருவை நிறுத்தினால் மரம் மெலியும்.

நெசவாளர்களுக்கு இதை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. நொய்ந்த நூலில் நெய்த துணிக்குக் கஞ்சியை அதிகமாக ஏற்றினால் கடையில் கனமாகவும் மினுமினுப்பாகவும் தோன்றும். முதல் சலவையில் உண்மை வெளிப்படும். நல்ல நூலுக்குக் கஞ்சி துணை செய்யும். கெட்ட நூலுக்கு அது திரையாகும். நலமுள்ள மரத்தின் கீழ்ப் பாசி அழகு. நலிந்த மரத்தின் கீழோ அது ஏமாற்று. ஏமாறுபவர் விருந்தினர் அல்லர், மரத்தை உடையவரே.

பாசி பதிக்கும் முறை

மரம் வெயிலில் நிற்பது; ஆதலால் பாசியும் வெயில் படும் இடத்ததாக இருத்தல் வேண்டும். அடர்ந்த நிழலில் வளர்ந்ததைக் கொணர்ந்தால் சில நாட்களில் கருகும். நகரங்களின் நடைபாதை ஓரங்களிலும் வளரும் வெள்ளிப் பாசி என்னும் குட்டையான வகையை ஜப்பானியர் பெரிதும் விரும்புகின்றனர். எடுக்கும் இடத்தில் முழுவதையும் வழித்தெடுக்காமல், மீண்டும் படருமாறு பகுதியை விட்டு வைத்தல் முறை.

எடுத்த பாசியின் அடிமண்ணைக் கத்தரித்து மெல்லிதாக்குக. தொட்டி மண்ணை முன்னரே நனைத்துக் கொள்க. தொட்டியின் ஓரத்தில் தொடங்கி உள்நோக்கி, சிறு சிறு துண்டுகளாக வைத்து விரலால் அழுத்துக. விளிம்பைச் சாமணத்தால் உட்புறம் செருகுக. அடிமரத்தையும் மேல்வேர்களையும் தொடாமல் விடுக. பூவாளியால் மென்மையாக நீர் தெளிக்க. பொறுமையுள்ளோர் வேறொரு முறையைக் கையாளலாம்: பாசியை உலர்த்திப் பொடித்து, ஈரமண்மீது தூவி, காயாமல் காத்து வந்தால் சில மாதங்களில் தானே படரும், இயற்கைத் தோற்றமும் மிகும்.

ஒரு புறம் சிறிதளவு மண்ணைத் திறந்தே வைத்தல் வேண்டும். அதுவே நீர் பார்க்கும் கண். ஐயமிருப்பின் மெல்லிய மூங்கிற் குச்சியை மண்ணில் செருகி, சற்று நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் உள்ளே ஈரமுண்டா என்பது தெரிந்து விடும்.

காட்சிக்கு வைத்தல்

டோக்கியோவின் உவேனோ பகுதியில் 1934-இல் தொடங்கிய ‘கொக்குபூ’ கண்காட்சியே போன்சாய்க் காட்சிகளுள் புகழ் மிக்கது. இத்தகைய காட்சிகளுக்கு முன்பே தொட்டியைத் துடைத்து, களை நீக்கி, பாசியைப் பதிப்பர். காட்சி முடிந்தபின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு மரத்தை அன்றாட வாழ்வுக்குத் திருப்புவது பலர் வழக்கம். மணப்பெண்ணின் பட்டுப் புடைவை நாள்தோறும் உடுப்பதற்கன்று அல்லவா?

ஜப்பானிய வீட்டில் ‘டோகோனோமா’ என்னும் மாடம் உண்டு. அங்கே மரமேடையின்மீது ஒரு மரம், பின்னே ஓர் ஓவியச் சுருள், அருகில் ஒரு சிறு புற்செடி இவற்றையே வைப்பர், மற்றவற்றை விலக்குவர். சில நாட்களில் மரம் மீண்டும் வெளியே சென்றுவிடும். வீட்டினுள்ளேயே வைத்தால் வெயிலும் காற்றும் இன்றி மெலியும். தோட்டத்தில் தரைமீது வைக்காமல், இடுப்பளவு பலகைமீதோ தனித்தூண் மீதோ வைப்பர். பின்புறம் வெறும் வேலியாக இருப்பின் கிளைகளின் வடிவம் தெளிவாகும். காண்பவர் சற்றுக் குனிந்து முதலில் வேரையும், பின்பு அடிமரத்தையும், கடைசியாக உச்சியையும் நோக்குதல் வழக்கம்.

நம் வீடுகளில்

குளிர்நாட்டுப் பைனும் மேப்பிளும் நம் சமவெளி வெப்பத்தைத் தாங்குவது அரிது. ஆல், அத்தி, அரசு, புளி ஆகியவை தொட்டியில் நன்கு அடங்கி வளர்பவை. பாசியோ ஐப்பசி, கார்த்திகை மழையில் தானே தோன்றும்; அக்காலத்தில் பதித்துக் காட்சிக்கு வைக்கலாம். பங்குனி பிறந்ததும் அதனை நீக்கி, மண்மீது மெல்லிய சரளைக் கல் பரப்பினால் போதும். சித்திரை வெயிலில் பாசியைக் காக்க முயன்று மரத்தைக் கவனியாமல் விடுவது அறிவுடைமை ஆகாது. ஊருக்குச் செல்ல நேரின் நீர் வார்க்கும் பொறுப்பை அண்டை வீட்டாரிடம் முறைப்படி ஒப்படைத்துச் செல்க.

இக்கலையில் ஒருவருடைய ஆயுள் போதாது என்பதையும் அறிதல் வேண்டும். ஹிரோஷிமா நகரில் மசாரு யமாகி என்பவரின் தோட்டத்தில் 1625-ஆம் ஆண்டு முதல் வளர்க்கப்பட்ட வெண்பைன் ஒன்று இருந்தது. 1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் அணுகுண்டு விழுந்த இடத்திற்கு ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவில் நின்றும் அது பிழைத்தது. 1976-ஆம் ஆண்டின் அமெரிக்க சுதந்திர இருநூற்றாண்டு விழாவையொட்டி, குண்டு வீசிய அந்நாட்டுக்கே யமாகி அதனை அன்பளிப்பாக அளித்தார். அதன் வரலாறு 2001-இல் அவருடைய பேரர்கள் வாஷிங்டன் தாவரத் தோட்டத்துக்கு வந்தபோதுதான் அங்குள்ளோர்க்குத் தெரிய வந்தது. அணுகுண்டுக்குத் தப்பிய அம்மரமும், கவனிப்பாரின்றித் தொட்டி வறண்டால் ஒரே கோடையில் மாண்டுவிடும். இத்தனை தலைமுறைகளாக ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்கு மாறியும் நீர் வார்ப்பது நிற்கவில்லை என்பதே அதன் பெருமை.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. பாசி பசுமையாயிருப்பது மரம் நலமாயிருப்பதற்குச் சான்றாகுமா? காரணம் கூறுக.
2. மண்ணின் ஒரு பகுதியைத் திறந்து வைக்க வேண்டுவது எதற்கு?
3. ஓமியாவின் மூன்றாவது விதி நம் சங்கத்திற்குப் பொருந்தும் இடங்கள் எவை?
4. நம் சங்கத்தில் மேலே பசுமையும் கீழே வறட்சியுமாக உள்ளது ஏதேனும் உண்டா? அதனைப் பார்க்கும் கண்ணை எங்குத் திறந்து வைப்பது?