மரவள்ளியின் முதல் தண்ணீர்



கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மேற்கே செல்லும் சாலை, கோமுகி அணையைத் தாண்டியதும் கல்வராயன் மலைமீது ஏறத் தொடங்குகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்த இம்மலையில் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். (பெயரைக் கொண்டு இவர்களைக் கேரள மக்கள் என எண்ணிவிடாதீர்கள். இவர்கள் பேசுவது தமிழ்.) மலைச்சரிவுகளில் நீங்கள் காணும் பயிர்களில் இரண்டை மட்டும் இப்போது எடுத்துக்கொள்வோம். ஒன்று சாமை, மற்றொன்று மரவள்ளி. ஒன்று நம் மண்ணின் பழைய தானியம். மற்றொன்று கடல் கடந்து வந்த விருந்தாளி. இவ்விரண்டும் அடுப்பங்கரைக்கு வரும்போது எத்தனை வேதியியல் நிகழ்கிறது என்பதைப் பார்ப்போமா?

மரவள்ளியிலிருந்தே தொடங்குவோம். சேலம், கள்ளக்குறிச்சிப் பக்கங்களில் இதைக் குச்சிக்கிழங்கு என்றும் சொல்வார்கள். உங்கள் வீட்டில் இதைச் சமைக்கும்போது கவனித்திருப்பீர்கள். முதலில் பழுப்புநிற மேல்தோலோடு, அதன் கீழே உள்ள தடித்த வெள்ளைப் பட்டையையும் உரித்து எறிவார்கள். பிறகு கிழங்கைத் துண்டுகளாக்கி, நிறையத் தண்ணீர் ஊற்றி வேகவைத்து, வெந்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுவார்கள். காய்கறி வெந்த நீரில் சத்து இருக்கிறது, அதைக் கொட்டக்கூடாது என்று பள்ளியில் படித்திருக்கிறீர்கள். அப்படியிருக்க, இந்த நீரை மட்டும் ஏன் கொட்டவேண்டும்? பாட்டியைக் கேட்டால், "அது பித்தம், குடித்தால் தலை சுற்றும்" என்று சொல்லக்கூடும். அந்தப் 'பித்தம்' எது என்பதுதான் நம் கேள்வி.

மரவள்ளிச் செடியின் உயிரணுக்களில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. அது ஒரு சர்க்கரை மூலக்கூறோடு சயனைடுத் தொகுதி பிணைக்கப்பட்ட சேர்மம். தனியாக இருக்கும்வரை அது சாதுவான பொருள்தான். உயிரணுவின் உட்குமிழிகளில் அது அடைபட்டிருக்கும். அதைச் சிதைக்கக்கூடிய லினமரேஸ் என்ற நொதி, உயிரணுவின் சுவரில் இருக்கும். பூட்டும் சாவியும் வேறு வேறு அறைகளில் இருப்பது போல! கிழங்கைத் துருவினாலோ இடித்தாலோ ஓர் ஆடு இலையைக் கடித்தாலோ அறைகள் உடைகின்றன. சாவி பூட்டில் நுழைகிறது. லினமரின் சிதைந்து, இறுதியில் அசிட்டோனும் ஹைட்ரஜன் சயனைடும் உண்டாகின்றன. ஹைட்ரஜன் சயனைடு கொடிய நஞ்சு. மரவள்ளி இலையை மிகுதியாகத் தின்ற ஆடுமாடுகள் இறப்பதற்கு இதுவே காரணம். தன்னைத் தின்ன வரும் பூச்சியையும் விலங்கையும் விரட்டச் செடி செய்துகொண்ட ஏற்பாடு இது.

ஆனால், இதே ஏற்பாட்டை மனிதன் தனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொண்டான். ஹைட்ரஜன் சயனைடு ஏறத்தாழ 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். நம் ஊர் வெயிலே அதற்குப் போதும். ஆகவே, கிழங்கைத் துருவிச் சிறிது நேரம் விட்டால், நொதி தன் வேலையைச் செய்து நஞ்சை விடுவிக்கும். நஞ்சு காற்றோடு போய்விடும். தென் அமெரிக்கப் பழங்குடியினர் கசப்பு மரவள்ளியைத் துருவி, டிபிட்டி என்னும் நீண்ட பின்னல் குழாயில் அடைத்துப் பிழிந்து, பிறகு வறுத்து உண்பது இந்த அடிப்படையில்தான்.

இங்கே ஒரு விந்தை உண்டு. கொதிக்க வைத்தால் நஞ்சு போய்விடும் என்றுதானே நினைப்போம்? முழுக்கிழங்கையோ பெரிய துண்டுகளையோ கொதிநீரில் போட்டால், வெப்பத்தால் முதலில் அழிவது நொதிதான். சாவி உடைந்துவிட்டது, பூட்டோ அப்படியே கிடக்கிறது! லினமரின் வெப்பத்தை எளிதில் தாங்கிக்கொள்ளும். பிறகு அதை வெளியேற்ற ஒரே வழி, அது நீரில் கரையும் என்பது. அதனால்தான் சிறு துண்டுகள், நிறையத் தண்ணீர், வெந்தபின் வடித்துக் கொட்டுதல். பாட்டி வேதியியல் படிக்கவில்லை. ஆனால் செய்முறையில் பிழை இல்லை.

கடைகளில் உணவுக்காக விற்கப்படும் இனிப்பு வகைகளில் இந்நஞ்சு மிகக் குறைவு. ஒரு கிலோ பச்சைக் கிழங்கில் 50 மில்லிகிராமுக்குக் குறைவாக ஹைட்ரஜன் சயனைடு தரக்கூடியவற்றையே இனிப்பு வகை என்று உலக உணவுத்தர விதிகள் கொள்கின்றன. அவற்றை உரித்து வேகவைத்து உண்பதில் அஞ்ச ஒன்றுமில்லை.

சரி, ஜவ்வரிசியில் நஞ்சு உண்டா? சமையல் நூல்களில் ஜவ்வரிசிப் பாயசத்துக்கும் வடகத்துக்கும் அளவு எழுதியிருப்பார்கள். காரணம் எழுதுவது அபூர்வம். ஜவ்வரிசி முன்பு மலேயாவிலிருந்து வந்தது; அங்கே அது சவ்வரிசிப் பனையின் தண்டு மாவிலிருந்து செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் அந்த வரத்து நின்றபோது, 1940களில் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினார்கள். மலையிலும் அடிவாரத்திலும் விளையும் கிழங்கு இன்று லாரிகளில் சேகோ ஆலைகளுக்குப் போகிறது. அங்கே தோல் உரித்து, கழுவி, அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டிகளில் தெளியவைக்கிறார்கள். அடியில் படிந்த ஈர மாவைக் குலுக்கிக் குலுக்கி உருண்டைகளாக்கி, சூடான தட்டில் வறுத்து, களத்தில் காயவைக்கிறார்கள். இத்தனை கழுவலுக்குப்பின் மாவில் நஞ்சு தங்குவது மிக அரிது. அது தண்ணீரோடு போய்விடுகிறது. ஆனால் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? சுத்திகரிக்காமல் ஓடையில் விட்டால், கிழங்கின் நஞ்சும் அழுகும் கரிமப் பொருளும் ஓடையைச் சேரும். வீட்டில் கொட்டும் ஒரு செம்பு நீருக்கும், ஓர் ஆலை கொட்டும் ஆயிரம் குடம் நீருக்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துப் பாருங்கள்.

இனி ஆப்பிரிக்காவுக்குப் போவோம். 1981ஆம் ஆண்டு மொசாம்பிக் நாட்டின் நம்புலா மாநிலத்தில் கடும் வறட்சி. மற்றப் பயிர்கள் கருகிவிட, வறட்சியைத் தாங்கும் கசப்பு மரவள்ளி மட்டும் எஞ்சியது. பசி பொறுக்காத மக்கள், வழக்கமாகப் பல நாள் வெயிலில் காயவைக்கும் கிழங்கை அவசரமாகச் சமைத்து உண்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு, பெரும்பாலும் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும், திடீரெனக் கால்கள் விறைத்து நடை போயிற்று. கொன்சோ என்னும் இந்நோய்க்கு மருந்து இல்லை. முடங்கிய கால் மீள்வதில்லை.

அவர்களுக்கு மட்டும் ஏன் இப்படி? நஞ்சு மிகுந்திருந்தது ஒரு காரணம். மற்றொன்று, கூட உண்ண வேறொன்றும் இல்லை. சிறிதளவு சயனைடு உடலுக்குள் வந்தால் கல்லீரல் அதைத் தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். அந்த மாற்றத்துக்குக் கந்தகம் வேண்டும். கந்தகம் புரதத்திலிருந்துதான் கிடைக்கும். மரவள்ளியிலோ புரதம் இல்லை என்றே சொல்லலாம். தன் நஞ்சுக்கு மாற்றைத் தன்னிடம் வைத்திராத உணவு அது! கேரளத்தில் கப்பையோடு மீன் சேர்த்து உண்பது நாவுக்கு மட்டும் நல்லதன்று.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஹோவர்ட் பிராட்பரி என்ற அறிஞர் 2005இல் இதற்கு மிக எளிய வழி ஒன்றைக் கண்டார். மரவள்ளி மாவில் தண்ணீர் கலந்து, ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பாயில் பரப்பி, வெயிலில் இரண்டு மணி நேரமோ நிழலில் ஐந்து மணி நேரமோ வைப்பது. அவ்வளவே! மாவில் எஞ்சியிருக்கும் நொதி ஈரம் பட்டதும் விழித்துக்கொண்டு, மிச்ச லினமரினைச் சிதைக்கிறது; நஞ்சு பறந்துவிடுகிறது.

இப்போது சாமைக்கு வருவோம். ஒரு கணக்குப் போடுங்கள். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி 100 கிராம் சாமையில் 341 கலோரியும் 7.7 கிராம் புரதமும் உள்ளன. 100 கிராம் பச்சை மரவள்ளியில் 157 கலோரி, 0.7 கிராம் புரதம். அதே 341 கலோரியைப் பெற எவ்வளவு மரவள்ளி தின்னவேண்டும்? சுமார் 217 கிராம். அதில் கிடைக்கும் புரதம் 1.5 கிராம்தான். அதாவது, ஒரே அளவு பசி அடங்குகிறது. புரதமோ ஐந்தில் ஒரு பங்கு. ஜவ்வரிசியில் இன்னும் குறைவு: 100 கிராமில் 0.2 கிராம்.

அப்படியானால் சாமையை விட்டு மரவள்ளிக்கு ஏன் போனார்கள்? அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது, சரியன்று. சாமை மணி மிகச் சிறியது. ஆயிரம் மணிகளைச் சேர்த்து நிறுத்தால் 2 அல்லது 3 கிராம்தான் இருக்கும்; நெல்லில் ஆயிரம் மணி 20 கிராமுக்கு மேல். வழுவழுப்பான கெட்டியான உமி வேறு. உரலில் போட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்திப் புடைத்தால்தான் ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசி தேறும். அந்த உலக்கை யார் கையில் இருந்தது என்பதை நீங்களே அறிவீர்கள். மரவள்ளியோ விற்றால் உடனே கையில் பணம். ரேஷன் கடையிலும் சந்தையிலும் அரிசி கிடைக்கிறது. பக்கத்துக் கொல்லிமலையில் இந்த மாற்றம் 1970களிலிருந்து வேகமாக நிகழ்ந்தது. 1990களில் அங்கே பணிபுரிந்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், விதை காப்பதோடு நில்லாமல், உமி நீக்கும் சிறு இயந்திரங்களை ஊர்களில் நிறுவச் செய்தது. என்னைக் கேட்டால், சாமையின் பெருமையைப் பற்றிய நூறு சொற்பொழிவுகளைவிட அந்த ஓர் இயந்திரம் மேல்.

கடைசியாக, நீங்கள் செய்து பார்க்க ஒரு சோதனை. கடையில் வாங்கிய ஒரு சிறு மரவள்ளித் துண்டைத் தோலும் பட்டையும் நீக்கித் திறந்த வெளியில் துருவுங்கள். பச்சையாக வாயில் போடாதீர்கள். துருவலில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து, மெல்லிய துணியில் பிழிந்து, பாலை அரைமணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மேலே உள்ள நீரை ஆடு கோழி குடிக்காத இடத்தில் கொட்டிவிடுங்கள். அடியில் படிந்த வெள்ளை மாவில் ஒரு சொட்டு டிங்க்சர் அயோடின் விட்டால் கருநீலம் தோன்றும். அது மாவுச்சத்து. கொஞ்சம் மாவைத் தண்ணீரில் கரைத்துச் சூடாக்கினால், வெண்மை மாறிக் கண்ணாடிபோல் தெளிந்த கூழாகும். ஜவ்வரிசி பாயசத்தில் கண்ணாடிமணியாவது இப்படித்தான். துணியில் தங்கிய சக்கையிலும் ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பாருங்கள். அதுவும் நீலமாகும். சேகோ ஆலைக்காரர்கள் இந்தச் சக்கையைத் திப்பி என்று சொல்லி, உலர்த்தி மாட்டுத் தீவனத்துக்கு ஏன் விற்கிறார்கள் என்பதற்கு விடை அந்த நீல நிறத்திலேயே இருக்கிறது.